தேயிலையின் அக்காவைச் சட்டியில் வளர்த்த கதை

இந்த முறை ஒரு பூச்செடியின் வரலாறு. அது எங்கள் வீட்டு வரவேற்பறைக் கம்பளத்தில், உதிர்ந்து கிடந்த பதினான்கு மொட்டுகளில் தொடங்குகிறது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. ஜனவரி மாதம். அம்மாவின் பிறந்தநாளுக்கு என் சேமிப்புக் காசில் ஒரு சட்டிச் செடி வாங்கினேன். பெயர் கமீலியா. பளபளப்பான கரும்பச்சை இலைகள். கோலிக்குண்டு அளவில் பதினான்கு மொட்டுகள். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். வெளியே குளிர் கடுமையாக இருந்தது. "பாவம் செடி" என்று நினைத்து, வீட்டுக்குள் கொண்டுவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன்.

இரண்டு வாரத்தில் மொட்டுகள் பழுப்பு நிறமாகின. பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு பூவும் விரியவில்லை. நான் அழுதேன் என்று இங்கே எழுதினால் என் தம்பி சிரிப்பான். ஆனாலும் அதுதான் உண்மை.

கோபத்தில் நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். அங்கேதான் தெரிந்தது: நான் செய்த அதே பிழையை, ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெரிய பிரபு செய்திருக்கிறார்!

பனியில் பூக்கும் செடி

முதலில் இந்தச் செடியின் சொந்த ஊரைப் பார்ப்போம். நாம் சட்டியில் வளர்க்கும் கமீலியாக்களில் பெரும்பாலானவை கமீலியா ஜப்பானிக்கா என்ற இனத்திலிருந்து வந்தவை. ஜப்பான், கொரியாவின் தென்பகுதி, சீனாவின் கிழக்குப் பகுதி ஆகியவை அதன் தாய்நிலம். அங்கே அது காட்டில், பெரிய மரங்களின் நிழலில் வளரும். மற்றச் செடிகள் எல்லாம் உறங்கும் குளிர்காலத்தின் கடைசியில் அது பூக்கும். சிவப்புப் பூவின் மேல் வெண்பனி படிந்திருக்கும் காட்சியை ஜப்பானிய ஓவியர்கள் விரும்பி வரைந்திருக்கிறார்கள்.

ஜப்பானியர் இதை "ட்சுபாக்கி" என்கிறார்கள். அதன் விதையிலிருந்து எண்ணெய் எடுத்துத் தலைக்குப் பூசுவார்கள். நமக்குத் தேங்காய் எண்ணெய் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனப் பெயர் இன்னும் சுவையானது: "ஷான்சா". "ஷான்" என்றால் மலை, "சா" என்றால் தேயிலை. அதாவது "மலைத் தேயிலை". இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

சரி, கமீலியா என்ற பெயர் எங்கிருந்து வந்தது? கெயோர்க் யோசப் காமெல் என்று ஒருவர் இருந்தார். 1661இல், இன்றைய செக் நாட்டின் புர்னோ நகரில் பிறந்தவர். இயேசு சபைத் துறவியாகி, பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவுக்குப் போனார். அங்கே ஏழைகளுக்கு மருந்து கொடுத்தார். தீவுகளின் செடிகொடிகளைப் பற்றி எழுதினார். 1706இல் மணிலாவிலேயே இறந்தார். பிற்காலத்தில் செடிகளுக்கெல்லாம் அறிவியல் பெயர் வைத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ், காமெலின் நினைவாக இந்தச் செடிக்குக் கமீலியா என்று பெயரிட்டார்.

சூட்டறையில் செத்த செடிகள்

இப்போது அந்தப் பிரபுவிடம் வருவோம். அவர் பெயர் ராபர்ட் ஜேம்ஸ் பீட்டர். எட்டாவது பீட்டர் பிரபு. லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் பகுதியில் தோர்ண்டன் ஹால் என்ற மாளிகை அவருடையது. செடி என்றால் அவருக்கு உயிர். உலகின் பல மூலைகளிலிருந்தும் செடிகளை வரவழைத்தார்.

1739 அளவில் அவருடைய கண்ணாடி வீட்டில் கமீலியா இருந்தது. இங்கிலாந்தில் முதன்முதலாக உயிரோடு வளர்ந்த கமீலியாக்கள் அவைதான் என்று தோட்ட வரலாறுகள் சொல்கின்றன. அந்தக் காலத்தில் பெரிய தோட்டங்களில் "ஸ்டோவ்" என்ற அறை இருக்கும். அடுப்பெரித்துச் சூடாக்கும் கண்ணாடி அறை. அன்னாசி போன்ற வெப்பநாட்டுச் செடிகளுக்காகக் கட்டியது. தூரகிழக்கிலிருந்து வந்த கமீலியாவையும் அதே அறையில் வைத்தார்கள். அந்தச் செடிகள் அதிகச் சூட்டினாலேயே செத்தன என்பதுதான் இன்றுவரை சொல்லப்படும் கதை. பீட்டர் பிரபுவும் 1742இல் அம்மை நோயால் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

அவருடைய தோட்டக்காரராக இருந்த ஜேம்ஸ் கோர்டன் என்பவர் பிறகு லண்டன் மைல் எண்டில் சொந்தமாக நாற்றுத்தோட்டம் வைத்தார். கமீலியாவை இங்கிலாந்தில் நிலைபெறச் செய்தவர்களில் அவரும் ஒருவர்.

பாருங்கள், பிரபு கெட்டவர் இல்லை. செடியை நேசித்தார். ஆனால் "தூரத்திலிருந்து வந்தது, அதனால் அதற்குச் சூடு வேண்டும்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தச் செடி எந்தத் தூரத்திலிருந்து, எப்படிப்பட்ட மலையிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கர்நாடிக் கப்பலும் கண்ணாடி மாளிகையும்

1792இல் "கர்நாடிக்" என்ற கப்பல் சீனாவிலிருந்து இங்கிலாந்து வந்தது. அது கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய கப்பல். நம் தமிழ்நாட்டின் பெரும்பகுதியையும் சேர்த்து ஆங்கிலேயர் அப்போது "கர்நாடிக்" என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பெயரைத்தான் கப்பலுக்கும் வைத்திருந்தார்கள். அதில் இரண்டு புதுவகைக் கமீலியாக்கள் வந்தன. ஒன்று அடுக்கு அடுக்காக இதழ் கொண்ட வெள்ளை. மற்றது சிவப்பில் வெள்ளைத் திட்டுகள் கொண்டது. சீனத் தோட்டக்காரர்கள் பல தலைமுறையாக வளர்த்து உருவாக்கிய பூக்கள் அவை.

அவ்வளவுதான், இங்கிலாந்தின் பணக்காரர்களுக்குக் கமீலியாப் பைத்தியம் பிடித்தது. 1804இல் ஜோன் மிடில்மிஸ்ட் என்ற நாற்றுத்தோட்டக்காரர் சீனாவிலிருந்து இன்னொரு வகையைக் கொண்டுவந்தார். 1828இல் டெவன்ஷயர் கோமகன், லண்டன் சிசிக் மாளிகையில் தன் கண்ணாடி வீட்டுக்காக ஏராளமான கமீலியாக்களை வாங்கினார். 1813இல் கட்டிய அந்தக் கண்ணாடி வீட்டின் நீளம் ஏறத்தாழ 300 அடி. அது இன்றும் இருக்கிறது. பழைய கமீலியாக்கள் சிலவும் இருக்கின்றன. லண்டனில் இருப்பவர்கள் பூக்காலத்தில் போய்ப் பாருங்கள். "மிடில்மிஸ்டின் சிவப்பு" என்ற பூவையும் அங்கே காணலாம். பெயர்தான் சிவப்பு, பூ இளஞ்சிவப்பு!

அந்தக் காலத்தில் கண்ணாடிக்கு வரி இருந்தது. 1845இல்தான் அதை நீக்கினார்கள். அதனால் கண்ணாடி வீடு வைத்திருப்பதே பணக்காரர் அடையாளம். அதற்குள் வைக்கும் செடியும் பணக்காரச் செடி ஆகிவிட்டது. கமீலியா உண்மையில் வெளியே நின்று குளிரைத் தாங்கக்கூடியது என்பது சாதாரண மக்களின் தோட்டங்களுக்கு வந்துசேர இன்னும் பல காலம் ஆனது.

பனிக்கட்டி காப்பாற்றிய மரம்

ஜெர்மனியில் இருக்கும் வாசகர்களே, இது உங்களுக்கு. டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் பில்னிட்ஸ் அரண்மனை இருக்கிறது. அதன் தோட்டத்தில் ஒரு கமீலியாவை 1801இல் நிலத்தில் நட்டார்கள். அதன் பிறகு அது அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. குளிர்காலத்தில் மட்டும் அதைச் சுற்றி ஒரு மரக்கூடு கட்டி, உள்ளே கொஞ்சம் சூடேற்றுவார்கள்.

1905 ஜனவரியில் அந்தக் கூடு தீப்பிடித்தது. வெளியே கடும் உறைபனி. தீயணைக்க ஊற்றிய தண்ணீர் செடியின் மேலேயே உறைந்து பனிக்கட்டிப் போர்வை ஆனது. எல்லோரும் செடி செத்தது என்று நினைத்தார்கள். ஆனால் அது மீண்டும் துளிர்த்தது! பனிக்கட்டிதான் அதைக் காப்பாற்றியது என்று சொல்கிறார்கள்.

இன்று அது ஏறத்தாழ 9 மீட்டர் உயர மரம். 1992 முதல் அதற்கென்று தண்டவாளத்தில் நகரும் ஒரு கண்ணாடி வீடு இருக்கிறது. குளிர் வந்தால் வீடு நகர்ந்து மரத்திடம் வரும். வசந்தம் வந்தால் விலகிப் போகும். உள்ளே எவ்வளவு சூடு தெரியுமா? 4 முதல் 6 பாகைதான். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் குளிர்! பீட்டர் பிரபுவின் சூட்டறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அம்மாயி சொன்னது

இனி நம் வீட்டுக்கு வருவோம். என் மொட்டுகள் விழுந்த அதே குளிர்காலத்தில்தான் அம்மாயி எங்களோடு இருக்க லண்டன் வந்தார். அம்மாயி நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினைந்து வயதிலிருந்து கொழுந்து பறித்தவர்.

நாங்கள் எல்லோரும் அம்மாயியைப் பொத்திப் பொத்தி வைத்தோம். "வெயில் நாட்டிலிருந்து வந்தவர், குளிர் தாங்கமாட்டார்" என்று ஹீட்டரைக் கூட்டினோம். இரண்டு ஸ்வெட்டர் போட்டுவிட்டோம். பல்கனிக் கதவைத் திறக்கவே விடவில்லை. அம்மாவும் சின்ன வயதிலேயே கொழும்புக்குப் படிக்கப் போனவர். மலைக்குளிர் அவருக்கே மறந்துபோயிருந்தது. அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. சரியாகச் சாப்பிடாமல், தலைவலிக்கிறது என்று படுத்தே இருந்தார்.

ஒருநாள் அவர் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த என் செடியைப் பார்த்தார். கிட்டப் போனார். ஒரு இலையைத் தடவினார். பெருவிரலும் சுட்டுவிரலும் தானாக நுனித் தளிரைப் பிடித்தன. ஆனால் கிள்ளவில்லை.

"என்ன புள்ள, தேயிலைக் கன்ன சட்டியில வச்சிருக்க?" என்றார்.

"இல்ல அம்மாயி, இது பூச்செடி. கமீலியா."

"எனக்குத் தெரியாத தேயிலையா? எல இதேதான். இது கொஞ்சம் தடிப்பு. தேயிலையும் பூக்கும், சின்னதா வெள்ளப் பூ. நாங்கதான் கொழுந்து கிள்ளிக் கிள்ளிப் பூக்க விடுறதில்ல."

நான் சிரித்தேன். பிறகு புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. தேயிலையின் அறிவியல் பெயர் கமீலியா சினென்சிஸ்! லின்னேயஸ் தேயிலையைத் தனிப் பேரினமாகத்தான் எழுதினார். பிறகு வந்த அறிஞர்கள் இரண்டும் ஒரே குடும்பத்து உடன்பிறப்புகள் என்று கண்டு, ஒரே பெயரின் கீழ் சேர்த்தார்கள். தேயிலைக்கு இன்றைய பெயர் கிடைத்தது 1887இல். சீனர்கள் இதை அதற்கு வெகுகாலம் முன்பே "மலைத் தேயிலை" என்று அழைத்தார்கள். பள்ளிக்கூடமே அதிகம் போகாத அம்மாயி, ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தே அதைச் சொல்லிவிட்டார்.

தங்கையும் பெட்டியில்தான் போனாள்

அக்கா பணக்காரரின் கண்ணாடி வீட்டுக்குப் போனாள் அல்லவா? தங்கை தேயிலையின் பயணம் வேறு மாதிரி.

1829இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் நத்தானியல் வார்ட் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மூடிய போத்தலுக்குள் ஈரமண்ணில் ஒரு பன்னம் தானாக முளைத்திருந்தது. உள்ளிருக்கும் ஈரமே ஆவியாகி, மீண்டும் துளியாகி, செடிக்குத் தண்ணீராகிறது என்று கண்டார். அதை வைத்துச் செடிகளுக்கான கண்ணாடிப் பெட்டியைச் செய்தார். கப்பலில் உப்புக்காற்றுப் படாமல், மாதக்கணக்கில் செடியை உயிரோடு கொண்டுபோகலாம். அதற்கு முன் கடல் கடந்த செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகும்.

1848இல் ராபர்ட் பார்ச்சூன் என்பவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி சீனாவுக்கு அனுப்பியது. அவர் சீன உடை அணிந்து, மாறுவேடத்தில் தேயிலை மலைகளுக்குப் போனார். ஆயிரக்கணக்கான தேயிலைக் கன்றுகளையும் விதைகளையும் வார்டின் பெட்டிகளில் வைத்து இந்தியாவின் இமயமலைப் பகுதிக்கு அனுப்பினார். அசாமில் தேயிலை இயற்கையாகவே வளர்ந்ததும் அப்போது தெரிந்திருந்தது.

இலங்கை மலைகளில் அப்போது இருந்தது கோப்பி. 1869 முதல் ஒரு பூஞ்சை நோய் கோப்பி இலைகளைத் தாக்கி, அந்தத் தோட்டங்களை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போனதும் மலை முழுவதும் தேயிலை ஆனது.

அந்தச் செடியை நட்டதும் பறித்ததும் யார்? திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கடல் கடந்து, காடு நடந்து போன தமிழர்கள். வழியில் பலர் இறந்தார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் லயம் என்ற வரிசை அறைகளில், ஒரு குடும்பத்துக்கு ஒரு சிறிய அறையில் வாழ்ந்தார்கள். தலைமுறைகள் கழிந்து, 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அம்மாயியின் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

செடியை உயிரோடு கொண்டுபோக ஒரு மருத்துவர் கண்ணாடிப் பெட்டி கண்டுபிடித்தார். அந்தச் செடிக்காக நடந்து போன மனிதர்களுக்கு அப்படி எதையும் யாரும் செய்யவில்லை. கமீலியாவைப் பற்றிப் படிக்கப் போய் நான் தெரிந்துகொண்டது இது.

வரலாறு சொல்லித்தரும் வளர்ப்பு முறை

"அதுக்குச் சூடு ஆகாது புள்ள. வெளிய வை" என்றார் அம்மாயி. வைத்தேன். அதன் பிறகு கற்றவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் அதன் சொந்த ஊரில் இருக்கிறது.

குளிர்: அது வெளியேதான் வாழ வேண்டும். பூத்த பிறகு ஒரு நாள், இரண்டு நாள் விருந்தாளியாக வீட்டுக்குள் வைத்தால் போதும். ஆனால் சட்டியில் வேருக்குப் பாதுகாப்புக் குறைவு. கடும் உறைபனியில் சட்டியைச் சுற்றிக் குமிழ்ப் பிளாஸ்டிக் கட்டுங்கள்.

வெயில்: காட்டு நிழலில் வளர்ந்த செடி. அரை நிழல் போதும். கிழக்குப் பார்த்த இடம் வேண்டாம். உறைந்த மொட்டில் காலை வெயில் சட்டென்று பட்டால் மொட்டு கருகிவிடும்.

மண்: அதற்கு அமில மண் வேண்டும், தேயிலைக்குப் போலவே. கடையில் "எரிகேசியஸ்" என்று எழுதிய மண் வாங்குங்கள். சட்டியின் அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர்: லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அது மண்ணின் அமிலத்தைக் குறைக்கும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். நாங்கள் பல்கனியில் வாளி வைத்து மழைநீர் பிடிக்கிறோம். மழையே இல்லையென்றால் குழாய்த் தண்ணீர் ஊற்றலாம். காயவிடுவதைவிட அது மேல்.

பொறுமை: அடுத்த வசந்தத்தின் மொட்டு இந்தக் கோடையின் கடைசியிலேயே உருவாகத் தொடங்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் விடுமுறைக்குப் போய்த் தண்ணீரை மறந்தால், பல மாதம் கழித்து மொட்டு உதிரும். யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

உரமும் சட்டியும்: வசந்தத்திலிருந்து ஜூலை முடியும்வரை அமிலச் செடி உரம் கொடுக்கலாம். பிறகு நிறுத்துங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பூ முடிந்ததும், ஒரு அளவு மட்டும் பெரிய சட்டிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெரிய சட்டியில் வைத்தால் மண் ஈரமாகவே கிடந்து வேர் அழுகும்.

மெல்பேர்ன், சிட்னி வாசகர்கள் மாதங்களைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பிற்பகல் வெயில் இலையைச் சுடும், கவனம். டொரன்டோவில் சட்டியை வெளியே விட்டால் வேர் உறைந்துவிடும். சூடேற்றாத, வெளிச்சமுள்ள அறை இருந்தால் முயன்று பாருங்கள்.

செடியை வெளியே வைத்த அன்று அம்மாயியும் பல்கனிக்கு வந்தார். நான் கதவை மூடப் போனேன். "விடு, நல்லா இருக்கு. நுவரெலியாவுல விடியக்காலம் இப்பிடித்தான் இருக்கும். தை மாசத்துல சில நாள் புல்லு மேல பனி வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். அதுல வெறுங்காலோட பெரட்டுக்குப் போவோம்" என்றார். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். இத்தனை நாளும் நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை.

அன்று மாலை அம்மா ஹீட்டரைக் குறைத்தார். இப்போது அம்மாயி காலைத் தேநீரைப் பல்கனியில்தான் குடிக்கிறார், ஒரு சால்வையோடு. கமீலியா அவருக்குப் பக்கத்தில் நிற்கிறது. போன மார்ச்சில் அது ஒன்பது பூக்கள் பூத்தது. அம்மாயி இன்னமும் அதைத் "தேயிலைக் கன்னு" என்றுதான் சொல்கிறார். நானும் திருத்துவதில்லை.

உங்கள் வீட்டில் யாராவது மலையகத்திலிருந்து வந்தவர்கள் இருந்தால், அங்கே விடியற்காலை எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.